ஆட்சேபம் ஏதும் உண்டா?

காலை மணி 9.12.

பின்படிக்கட்டைத் துடைக்க வாளியும் கையுமாக வந்த பெண்மணிதான் முதலில் பார்த்தாள். மாடியிலிருந்து இறங்கி, படி திரும்புகிற இடத்தில் ஒருவர் மல்லாந்து கிடந்தார். தலை கீழ்ப்பக்கம், கால் இரண்டும் மேல்படியில். கண் திறந்தே இருந்தது. கையிலிருந்த வாளி நழுவித் தடதடவென்று கீழே உருள, அந்தச் சத்தத்துக்குத்தான் காவலாளி ஓடி வந்தார்.

9.40க்கு இன்ஸ்பெக்டர் வந்தாள்.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் துணிக் கிடங்கு. இப்போது, உயிருக்குப் பயந்து எல்லை தாண்டி வருகிறவர்களைப் பதிவு செய்து விசாரிக்கும் மையம். கீழே காத்திருக்கும் கூடம், மேலே விசாரணை அறைகள். உள்ளே இரண்டு மொழி புழங்கும். அலுவலகத்துக்கு ஒன்று, வந்தவர்களுக்கு ஒன்று. வந்தவர்களின் மொழிதான் நம் மொழி. கதை முழுக்க அதிலேயே சொல்லிவிடுகிறேன்; யார் எதில் பேசினார்கள் என்பது முக்கியமாகிற இடத்தில் மட்டும் உங்கள் காதைப் பிடித்துத் திருப்புகிறேன்.

இன்ஸ்பெக்டருக்கு வயது நாற்பத்திரண்டு. நிறமும் மூக்கும் பேச்சும் அப்பாவுடையவை. அப்பா இந்த ஊர்க்காரர். அம்மாதான் எல்லை தாண்டி வந்தவள். அம்மாவிடமிருந்து வந்தது பார்த்தால் தெரியாது. சமையலறைக்குள் மட்டும் புழங்கிய ஒரு மொழி அது. அதையும் மகள் ஒழுங்காகப் பேசியதில்லை. "அம்மா, நாங்க கடைக்குப் போகலாமா?" என்று கேட்பாள். "ஏண்டி, என்னை விட்டுட்டு யாரோட போகப்போற?" என்பாள் அம்மா, ஒவ்வொரு தடவையும். அம்மா போய் இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்த மொழியில் ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. ஆனால் காலிக் கட்டடங்களில், படிக்கட்டுகளில், யாரோ பின்னால் நின்று அதில் கூப்பிடுவதுபோல் இருக்கும். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள் என்பது தெரியும். அந்த ஏமாற்றம் ஒவ்வொரு தடவையும் புதிதாக வலிக்கும்.

இறந்தவர் வெல்டர். இரண்டு கையிலும் பழைய தீப்பொறித் தழும்புகள். பின்மண்டையில்தான் அடி. சட்டைப்பையில் நான்கு பக்கமும் ஒட்டிய பழுப்பு உறை ஒன்று இருந்தது. பேனா நுனியால் ஓரத்தைக் கிழித்து வாசித்தாள். மேல்முறையீடு தள்ளுபடி. மனுதாரர், மனைவி, ஆறு வயது மகள், மூவரும் இன்று மாலை நான்கு மணி வண்டியில் திருப்பி அனுப்பப்படுவார்கள்.

"விதி முடிஞ்சுது. கடிதத்தைப் பார்த்ததும் மேலேருந்து விழுந்துட்டாரு போல" என்றார் காவலாளி.

"இப்ப அந்தப் பொண்டாட்டி, பிள்ளை?"

"வண்டி நாலு மணிக்குத்தான் மேடம். மாறாது."

சர்வதேச நிறுவனத்தின் பார்வையாளரை அங்கே எல்லாரும் நீலக்கோட்டு என்பார்கள். வெயிலோ மழையோ, அந்த நீல மேல்கோட்டைக் கழற்றமாட்டாள். நாடுகள் கூடிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை இந்தக் கட்டடம் மதிக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பார்க்கலாம், எழுதலாம், தடுக்க முடியாது.

"உயிருக்கு ஆபத்துன்னு ஓடி வந்தவங்களை அந்த ஆபத்துக்கே திருப்பி அனுப்பக்கூடாது. அதுதான் ஒப்பந்தம்" என்றாள் அவள். "ஆனா அங்க கொடுமை பண்ணிட்டு ஓடி வந்தவனுக்கு அந்தக் குடையில இடம் இல்ல."

"இவர் பண்ணாரா?"

"பண்ணோம்னு அவர் வாயாலயே சொல்லியிருக்கார். மூணாம் நம்பர் ரூம்ல. பதிவாகியிருக்கு. பொண்டாட்டி பிள்ளை மனு இவர் மனுவோட ஒட்டினது. மரம் விழுந்தா கொடியும் விழும்."

"நான் கொலைன்னு எழுதினா வண்டி நிக்குமா?"

"அது உங்க கேஸ். இது எல்லைக் கேஸ். விசாரணையே பழுதுன்னு காட்டினாத்தான் வண்டி நிக்கும்." நீலக்கோட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆறு மணி நேரம் இருக்கு."

கோப்பில் அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள். அலுவலக மொழியில் இருந்ததை இன்ஸ்பெக்டர் மனசுக்குள் அம்மாவின் மொழிக்கு மாற்றிக்கொண்டே வாசித்தாள். பழைய பழக்கம். 'துப்பாக்கி இருந்தது. உள்ளே இருந்தவர்கள் தட்டினார்கள். நாங்கள் அந்தக் கதவை மூடினோம்.' ஒரு கிடங்கு. அதற்குள் பதினான்கு குடும்பங்கள். வெளியிலிருந்து இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைக்கப்பட்ட கதவு.

அவள் கோப்பை மூடினாள். தழும்பேறிய அந்தக் கைகள் நினைவில் வந்தன. இவ்வளவு பெரிய பாவத்தை ஒருவன் யாரும் கேட்காமலே ஒப்புக்கொள்வானா?

11.05. காவலாளி.

"பின்படிக்கட்டுக் கதவு பூட்டியிருக்குமா?"

"பூட்டணும். ஆனா செங்கல் ஒண்ணு முட்டுக்கொடுத்திருப்பாங்க. சிகரெட் பிடிக்கிறவங்க வசதிக்கு."

"யாரு பிடிக்கிறது?"

"விசாரணை அதிகாரிதான். டாண்ணு ஒம்பதுக்குப் போவாரு."

"இன்னைக்கு?"

"நான் பார்க்கல மேடம். எட்டு நாப்பதுக்கு வெல்டர் கவுன்டர்ல உறையை வாங்கினதைப் பார்த்தேன். அவ்வளவுதான்."

11.20. விசாரணை அதிகாரி. கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. மேசையில் நானூறு கோப்பு.

"ஒம்பது மணிக்கு எங்க இருந்தீங்க?"

"படிக்கட்டுக்குத்தான் கிளம்பினேன். தீப்பெட்டி இல்ல. திரும்பிட்டேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"என்னை யார் பார்க்கப்போறா? பைல்தான் பார்க்கும்."

"அவர் சொன்னதை நீங்களே கேட்டீங்களா?"

"கேட்டேன். எனக்கு அது மழை பெய்யிற சத்தம். மொழிபெயர்ப்பாளர் சொல்றார், நான் எழுதுறேன். எல்லா விசாரணையும் அப்படித்தான்."

11.35. மொழிபெயர்ப்பாளர். குழந்தைகளுக்கு அவர் மிட்டாய் மாமா. சட்டைப்பை எப்போதும் புடைத்திருக்கும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே கூடத்தில் காத்திருந்து அகதி அட்டை வாங்கியவர். அந்த மொழி தெரிந்த ஒரே ஊழியர். யாருக்குக் கடிதம் வந்தாலும் அவரிடம்தான் ஓடுவார்கள்.

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"ஒம்பதுக்குக் கொஞ்சம் முன்னாடி. நடைபாதையில கடிதத்தை நீட்டினார். வாசிச்சுச் சொன்னேன். இடிஞ்சு போயிட்டார், பாவம்."

"அப்புறம்?"

"காத்து வாங்கிட்டு வரேன்னு பின்பக்கம் போனார். நான் கூடவே போயிருக்கணும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"முன்னாடியே பழக்கமா?"

"இல்லீங்க. அவர் ஊருக்கும் என் ஊருக்கும் ரெண்டு நாள் பயணம். முதல்ல பார்த்ததே இங்கதான்."

11.50. கூடத்தின் மூலையில் வெல்டரின் மனைவி ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். பக்கத்தில் மகள். மொழிபெயர்ப்பாளர் குனிந்து ஒரு மிட்டாயை நீட்ட, சிறுமி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் மிட்டாய்க்கு முண்டியடிக்கிற இடம் அது.

"வேணாம். அப்பா வாங்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"பல்லு சொத்தையாம், அப்பா வாங்க விடமாட்டாராம்" என்று அலுவலக மொழியில் சொல்லிச் சிரித்தார் அவர்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. காது விடைத்துக்கொண்டது, முகத்தை மட்டும் கல்லாக வைத்துக்கொண்டாள். "காலையில என்ன சொல்லிட்டுப் போனார்னு கேளுங்க" என்றாள்.

மனைவி சொன்னாள்: "சிரிச்ச முகமாத்தான் போனாரு. இன்னைக்கு எப்படியும் பேசிடுறேன், அந்த ஆளும் மனுசன்தானேன்னாரு."

மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "இன்னைக்கு எப்படியும் பேசிடுறேன், அந்த அதிகாரியும் மனுசன்தானேன்னாராம்."

சின்ன வித்தியாசம்தான். காதில் தைத்த முள்ளும் சின்னதுதான்.

"இன்னொண்ணும் கேளுங்க. அவங்க ஏதாவது சொல்லணுமா?"

அந்தப் பெண் நிமிர்ந்து இன்ஸ்பெக்டரையே பார்த்தாள். "செத்தவருக்கு இந்த மண்ணுல இடம் இருக்கு. எங்களுக்கு இல்லையா? அவரைப் புதைக்கிற வரைக்குமாவது நாங்க இருக்கக்கூடாதா?"

இதை மட்டும் அவர் ஒரு எழுத்து பிசகாமல் மொழிபெயர்த்தார்.

1.10.

ஒலிப்பதிவுகளை வைத்திருக்கும் அறைக்கு ஊழியர்கள் வைத்த பெயர் பேய் அறை. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் போய்விடுவார்கள். குரல் மட்டும் இங்கேயே தங்கிவிடும். தேதி, எண், அறை. பெயர் கிடையாது. யாரும் உள்ளே வருவதில்லை. வந்து கேட்டாலும் புரியப்போவதில்லை.

இன்ஸ்பெக்டர் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். செத்தவன் பேச ஆரம்பித்தான்.

எந்த விசாரணையும் ஒரே சடங்கோடு தொடங்கும். 'மொழிபெயர்ப்பாளர் பேசுவது புரிகிறதா? அவர்மீது ஆட்சேபம் ஏதும் உண்டா?' அதிகாரி கேட்டார். மிட்டாய் மாமாவின் குரல் அதை நம் மொழியில் திருப்பிச் சொன்னது. பிறகு வெல்டர், மெதுவாக:

"அவர் பேசுறது எனக்கு ரொம்ப நாளாவே புரியும். ஆட்சேபம் இல்ல."

கோப்பில் எழுதியிருந்தது: 'புரிகிறது. இல்லை.'

அவள் பதிவை நிறுத்தினாள். குறிப்பேட்டை எடுத்து ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தாள். ஒன்றரை மணி நேரம் கேட்டாள். இடப்பக்கம் சின்னச் சின்னக் கோடுகளாக நிரம்பியது. கடைசியில் வலப்பக்கத்தில் ஒரே ஒரு கோடு விழுந்தது. அந்த இடத்தை மூன்று முறை போட்டுக் கேட்டாள். மூன்றாவது முறை அது வெல்டரின் குரலாக இல்லை. அம்மா சமையலறையிலிருந்து திருத்துவதுபோல் கேட்டது. தனியாக இருக்கிறோம் என்ற துணிச்சலில் கொஞ்சம் அழுதாள்.

2.55. மூன்றாம் எண் அறை.

அதிகாரி, நீலக்கோட்டு, மொழிபெயர்ப்பாளர், வெல்டரின் மனைவி. சிறுமியைக் காவலாளி வெளியே பார்த்துக்கொண்டார்.

"இந்த அம்மாகிட்ட வாக்குமூலம் வாங்கணும்" என்றாள் இன்ஸ்பெக்டர். "முறைப்படி ஆரம்பிங்க."

அதிகாரி பதிவுக் கருவியை அழுத்திவிட்டு, மனப்பாடமாகக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி நம் மொழியில் சொன்னார்: "நான் பேசுறது புரியுதாம்மா? என்மேல ஆட்சேபம் ஏதும் உண்டா?"

"உண்டு" என்றாள் இன்ஸ்பெக்டர். "எனக்கு உண்டு."

அதே மொழியில். இரண்டு வருஷமாகப் பூட்டிக்கிடந்த வாய். உச்சரிப்பு கொஞ்சம் கோணல்தான். ஆனால் மொழிபெயர்ப்பாளரின் கை மிட்டாய்ப் பையில் அப்படியே நின்றுவிட்டது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதற்குமேல் இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னாள், அவருக்கு ஒரு மொழி, மற்றவர்களுக்கு ஒரு மொழி. நாம் ஒரு தடவை கேட்டால் போதும்.

"காலையில கடிதத்தை வாசிச்சுச் சொன்னேன்னீங்க. அந்த உறை ஒட்டினது ஒட்டினபடி அவர் பையில இருந்துச்சு. கிழிச்சது நான்."

"அது... பழக்கதோஷத்துல சொல்லியிருப்பேன். தினம் பத்துப் பேருக்கு வாசிக்கிறேன்."

"அதான். தினம் பண்றதால, பண்ணாததையும் பண்ணினதா வாய் சொல்லிடுச்சு. அவர் உங்ககிட்ட கடிதத்தை நீட்டவே இல்ல. முடிவு என்னன்னு தெரியாத மனுசன் எதுக்குச் சாகணும்? அப்புறம், தானா விழுறவன் கீழே பார்த்து விழுவான். இவர் மல்லாந்து, கால் மேல, தலை கீழே. மேல்படியில நின்ன யாரையோ பார்த்துப் பேசிக்கிட்டிருந்தார்."

"அதிகாரி தினம் அங்கதான் நிப்பார்" என்றார் மொழிபெயர்ப்பாளர் அவசரமாக.

அதிகாரியின் முகம் வெளுத்தது. "நான் போகவே இல்ல!"

"அவர் இல்ல" என்றாள் இன்ஸ்பெக்டர். "அதிகாரிகிட்ட வெல்டர் என்ன பாஷையில பேசுவார்? 'அந்த ஆளும் மனுசன்தானே'ன்னு இந்த அம்மா சொன்னாங்க. 'அந்த ஆளை' அதிகாரி ஆக்கினது நீங்க. குழந்தைக்குச் சொத்தைப் பல்லைக் கொடுத்ததும் நீங்க. அது அப்படி ஒரு வார்த்தை சொல்லல."

"இதெல்லாம் ஒரு ஆதாரமா? நான் அவரை முன்னப்பின்ன பார்த்ததே இல்ல."

"அவர் உங்களைப் பார்த்திருக்கார்."

பதிவை ஓடவிட்டாள். செத்தவனின் குரல் அறைக்குள் வந்தது. மனைவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பட்டையை வச்சுப் பத்தவைக்கச் சொன்னாங்க. என் முதுகுல துப்பாக்கி. அதைப் பிடிச்சிருந்த பையன் கையும் நடுங்குச்சு. அவனுக்குப் பின்னாடியும் ஒருத்தன் துப்பாக்கியோட நின்னான். உள்ளேருந்து தட்டினாங்க. நாம அந்தக் கதவை மூடினோம். சொல்லிடலாமே."

நிறுத்தினாள்.

"கோப்புல 'துப்பாக்கி இருந்தது'ன்னு மட்டும் இருக்கு. யார் முதுகுலன்னு இல்ல. அது ஒரு திருட்டு. ஆனா நான் சொல்ல வந்தது அதைவிடச் சின்ன விஷயம்." குறிப்பேட்டைத் திருப்பி மேசையில் வைத்தாள். "தன் பொண்டாட்டியைப் பத்தி, ஊர்க்காரங்களைப் பத்தி, ஓடி வந்ததைப் பத்தி முப்பத்தெட்டு இடத்துல 'நாங்க'ன்னு சொல்றார். ஒரு தடவைகூடப் பிசகல. ஒரே ஒரு இடத்துல 'நாம'. எங்க அலுவலக மொழியில ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான். நான்கூட வாசிக்கிறப்ப 'நாங்கள்'னுதான் மாத்திக்கிட்டேன். 'நாங்க'ன்னா கேக்குறவன் வெளிய நிக்கிறான். 'நாம'ன்னா கேக்குறவனும் உள்ள இருக்கான். அன்னைக்கு இந்த ரூம்ல அந்த மொழி புரிஞ்சு கேட்டது ஒரே ஒரு ஆள்."

சுவர்க் கடிகாரத்தில் மணி 3.14.

"வாய் தவறியிருக்கும்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"வாய் தவறுறது நான். சின்ன வயசுலேருந்து. அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவங்களுக்கு அது தவறாது."

கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை.

"எனக்கு அப்ப பத்தொம்பது வயசு" என்றார் கடைசியில். "முதல் நாள் இந்த ரூம்ல அவர் மூஞ்சியைப் பார்த்ததுமே எனக்குத் தூக்கம் போச்சு. ரெண்டு மாசமா எங்க பார்த்தாலும் சொல்லிடலாம், சொல்லிடலாம்னே நின்னார். காலையில மேல்படியில நின்னுக்கிட்டிருந்தேன். வந்து தோள்ல கை வச்சார். வாங்க, நாம போய்ச் சொல்லிடலாம்னார். சொன்னா என் அட்டையைப் பிடுங்கிடுவாங்க. என் பிள்ளைங்க இங்க பள்ளிக்கூடம் போகுதுங்க. அங்க திருப்பி அனுப்பினா என்னை உயிரோட விடமாட்டாங்க. கையைத் தட்டிவிட்டேன்... தள்ளினேன். தள்ளிட்டேன்."

நீலக்கோட்டு மெல்லக் கேட்டாள்: "அட்டை போயிருக்கலாம். ஆனா சித்திரவதை காத்திருக்கிற இடத்துக்கு யாரையும், எப்பேர்ப்பட்ட குற்றவாளியையும் அனுப்பக்கூடாதுன்னு இன்னொரு ஒப்பந்தம் இருக்கே. இந்தக் கூடத்துல தினம் அந்த வரியைச் சொல்றது நீங்கதானே?"

"சொல்வேன்" என்றார். "நம்பினதில்ல."

"உங்களைக் காட்டிக்கொடுக்கணும்னா அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?" என்றாள் இன்ஸ்பெக்டர். "ஆட்சேபம் உண்டான்னு நீங்களே கேட்டீங்க. உண்டுன்னு சொன்னாப் போதும். இல்லன்னார். இவன்தான்னு விரல் நீட்டல. 'நீ'ன்னுகூடச் சொல்லல. பாவத்துல பாதியை அவர் எடுத்துக்கிட்டு உங்களைக் கூடவே வரச் சொன்னார். உங்க கை நடுங்கினதைக்கூட உங்களுக்குச் சாட்சியா சொல்லிவச்சார். நீங்க அதை மொழிபெயர்க்கல."

மிட்டாய் மாமா முகத்தை மேசையில் கவிழ்த்துக்கொண்டார். பையிலிருந்து நாலைந்து மிட்டாய்கள் தரையில் சிதறின. அழுத சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

3.31க்கு நீலக்கோட்டு எழுதி முடித்தாள். விசாரணை பழுது, மனு முதலிலிருந்து கேட்கப்பட வேண்டும், அதுவரை குடும்பத்தை அனுப்பக்கூடாது. அதிகாரி கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னார்:

"பதினோரு வருஷமா அந்த மொழிக்கு அவர் ஒருத்தர்தான். அறுநூறு பதிவுக்கு மேல இருக்கும். வேற எத்தனை பேர் அவர் மூஞ்சியை அடையாளம் கண்டாங்களோ."

எல்லாரும் பேய் அறையின் பக்கம் பார்த்தார்கள். கதவு மூடித்தான் இருந்தது. உள்ளே அறுநூறு பேர் இன்னும் பேசிக்கொண்டிருப்பதுபோல் இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது. நாளைக் காலையிலிருந்து அவற்றை யார் கேட்கப்போகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

4.00. ஜன்னலுக்கு வெளியே வண்டி கிளம்பியது. மூன்று இருக்கை காலி.

கூடத்தில் வெல்டரின் மனைவி இன்னும் துணிப்பையை விடாமல் பிடித்திருந்தாள். மகள் வண்டி போன திசையைப் பார்த்தாள், பிறகு இன்ஸ்பெக்டரை.

"நாங்க எப்பப் போகணும்?"

இன்ஸ்பெக்டர் அவள் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். நாளைக்கு மறுநாள் என்ன ஆகும் என்று அவளால் வாக்குக் கொடுக்க முடியாது. சட்டம் அப்படி யாருக்கும் கொடுப்பதில்லை. இன்றைக்கு உள்ளதைச் சொல்லலாம். சொல்வதற்கு முன் இரண்டு சொல்லையும் மனசுக்குள் ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொண்டாள். பின்னால் யாரோ நின்று காது கொடுப்பதுபோல் இருந்தது.

"இன்னைக்குப் போக வேணாம்" என்றாள். "முதல்ல நாம உங்க அப்பாவை அடக்கம் பண்ணணும்."

வெல்டரின் மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். இன்ஸ்பெக்டர் காத்திருந்தாள். யாரும் திருத்தவில்லை.